நான்கு விரல் தூரம்

பேண்டு வாத்திய அணி போட்டி மைதானத்துக்குள் நுழையும் நேரத்தில் ட்ரம்பெட், குழாயை நீட்டி இழுத்து ஊதப்படும் டிராம்போனை முறைத்தது.

“முடிக்கும்போது நீ ஊதுற சுரம் என் சுரத்தோட உரசுது. போட்டியில மானம் போயிடும். நான் ஊதுறதையே நீயும் ஊது.”

“எனக்கு எழுதிக் கொடுத்தது அதுதாண்ணே.”

“சொன்னதைச் செய்.”

வாசித்தபடியே கடைசி அடி வைத்து அணி அசையாமல் நின்றதும், டிராம்போன் தன் குழாயை நான்கு விரல் உள்ளே இழுத்து ட்ரம்பெட்டின் சுரத்திலேயே போய் ஒட்டிக்கொண்டது.

உரசல் இல்லை; ட்ரம்பெட் ஒன்று மட்டும் ஊதுவதுபோலக் கேட்டது. ஒத்திகையில் அந்த இடத்தில் சிலிர்த்துப்போய் எழுந்து நின்றவர்கள், இன்று உட்கார்ந்தபடி மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும் ட்ரம்பெட் சீறியது. “கடைசியில என்னைத் தனியா விட்டுட்டு எங்கடா போனே?”

“உங்களோடயேதாண்ணே இருந்தேன்,” என்றது டிராம்போன்.