மூத்த கிளை

மகளின் காதலன் கிருஷாந்தின் தாய்க்கு, பாரிசின் ரூ காய் தெருவிலுள்ள என் சேலைக்கடையிலிருந்து போன் எடுத்தேன்.

“உங்கடை ஆக்கள் ஆர்?” எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பாரிசுக்கு வந்தும் இந்தக் கேள்வியோ?”

“எங்கடை பரம்பரைக்கு ராசா குடுத்த பட்டம் இருக்கு. மூண்டு கிளையிலை நாங்கள் மூத்த கிளை. இளைய கிளையளை வாசலுக்கும் விடுறேல்லை.”

“அப்பிடி எந்த ஊர் அம்மா நீங்கள்?” வெடித்தேன்.

“தொடக்கம் லித்துவேனியா. பிறகு போலந்து.”

“அப்ப, இந்தத் தமிழ்?”

“கிருஷாந்தின்ரை அப்பாதான் யாழ்ப்பாணம். கட்டிக்கொண்டு வந்த நாளிலையிருந்து மாமி என்னட்டை ‘உன்ரை ஆக்கள் ஆர்?’ எண்டுதான் கேட்டவ. மறுமொழி சொல்லிச் சொல்லித்தான் தமிழ் பழகினனான்.”