கொம்புப் பிடிக் கத்தி

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஜெயப்பிரகாஷின் கத்திக் கடைக்கு ஆதாரமே ஒரேயொரு மடக்குக் கத்திதான். எருமைக் கொம்பில் பிடி. கயிறு அறுக்கப் பெரிய அலகு, பாக்கு நறுக்கச் சின்ன அலகு, கோணி தைக்கக் குத்தூசி. மழையில் கிடந்தாலும் துரு ஏறாது, எத்தனை வருஷம் மடக்கி நீட்டினாலும் அலகு ஆடாது.

அதை அவர் விற்றதே இல்லை. காட்டுவார், அவ்வளவுதான். வந்தவர் திறந்து பார்த்து மயங்கியதும், பொட்டலம் கட்டுகிற சாக்கில் உள்ளே போய், அதே சாயலில் செய்த மட்ட இரும்புக் கத்தி ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுவார். வெளியூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்தவை. மூடி வைத்தால் எது அசல், எது போலி என்று தன் கண்ணுக்கே தெரியாது என்பதில் அவருக்கு ஒரு பெருமை. நாணயத்தை விற்றுப் பிழைக்கிறவனுக்குப் பெருமையும் இப்படித்தான் வரும்.

திரும்பி வருகிறவர்களுக்கு, 'விற்ற பொருள் மாற்றித் தரப்படாது' என்ற பலகையைக் காட்டுவார். டிரைவர் ஒருவர் வந்தார், வாத்தியார் ஒருவர் வந்தார். பலகையைப் படித்துவிட்டுப் போனார்கள். போன மாதம் வந்த ஒரு இளைஞன் மட்டும், நாலு கரும்பு சீவுவதற்குள் கூர் மழுங்கிவிட்டது என்று வாதாடினான். கத்தியில் தன் பெயரை வேறு வெட்டி வைத்திருந்தான்.

"பேர் வெட்டின சாமான இனிமே எவன் வாங்குவான்? கத்தி பாத்து வாங்க வக்கில்லாத குடும்பம்னு சொல்லிக்கினு போ" என்று கடைவீதி கேட்கச் சொல்லி அனுப்பினார்.

இன்று காலை வந்தவர் வேறு ரகம். விறைத்த முதுகு, கஞ்சி போட்ட வேட்டி, தோளில் மடித்த துண்டு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மணலூர்பேட்டை பூமாலை. தினம் இடுப்புல வச்சுக்கற மாதிரி ஒரு மடக்குக் கத்தி வோணும். எனக்கப்புறமும் வூட்ல இருக்கணும்."

ஜெயப்பிரகாஷ் வரிசையாக எடுத்து வைத்தார். முதல் கத்தியைப் பூமாலை தொடவே இல்லை. அடுத்ததை ஆட்டிப் பார்த்து, இது கத்தியா கிலுகிலுப்பையா என்று கேட்டார். கத்தரி, ரம்பம், மூடி திறப்பான் எல்லாம் வைத்த பளபளப்பான ஒன்றை விரல் நுனியால் தள்ளி, இதில் கத்தியைத் தவிர எல்லாம் இருக்கிறது என்றார்.

வேறு வழியின்றிக் கண்ணாடிப் பெட்டி திறந்தது. ஜெயப்பிரகாஷ் கொம்புப் பிடிக் கத்தியை எடுத்து நீட்டினார்.

பூமாலை கை நீட்டவில்லை. "கத்திய கைக்குக் கை குடுக்கறது இன்னா பழக்கம்? பகை வந்துடும். கீழ வை, எடுத்துக்கறேன்."

ஊரறிந்த வழக்கம்தான். ஜெயப்பிரகாஷ் அசடு வழிந்து மேசைமேல் வைத்தார்.

பூமாலை அதை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். அலகுகளை நகத்தால் நெம்பித் திறந்தார். ஒவ்வொன்றும் சடக்கென்று நின்றது. ஒன்றோடொன்று உரசுகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பக்கத்துக் கரும்புச்சாறு வண்டியில் ஒரு துண்டு வாங்கிச் சீவினார். தோல் நாடாவாகச் சுருண்டு விழுந்தது. அப்போதுதான் அவர் முகத்திலிருந்த ஏளனம் கொஞ்சம் இறங்கியது.

"இதான் கத்தி. இதயே குடுத்துடு."

எண்ணெய் தடவிப் பொட்டலம் கட்டித் தருகிறேன் என்று ஜெயப்பிரகாஷ் எழுந்தார்.

"பொட்டலம் இன்னாத்துக்கு? இப்படியே இடுப்புல சொருகிக்கினு போறேன். பாத்த சாமான்தான் வூட்டுக்குப் போவணும்."

ஜெயப்பிரகாஷ் கணக்குப் போட்டார். இது போய்விட்டால் நாளையிலிருந்து எதைக் காட்டி எதைக் கட்டிக் கொடுப்பது? சட்டென்று பொய்யை மாற்றினார். இது இன்னொருவருக்குச் சொல்லி வைத்தது, மறந்துபோய் எடுத்துவிட்டேன், இதே ரகத்தில் உள்ளே ஒன்று இருக்கிறது, கட்டித் தரட்டுமா என்று குழைந்தார்.

பூமாலை அவரை மேலும் கீழும் பார்த்தார். கத்தியை மடக்கித் துண்டுக்குள் வைத்து, கரும்புப் பிசுக்குப் போக ஓரம் ஓரமாகத் துடைத்தார். அடுத்தவர் பொருளை அழுக்கோடு திருப்பித் தருவது அந்த வம்சத்தில் இல்லை போலிருக்கிறது. பிறகு மேசைமேல் வைத்தார்.

"உன் கத்தி. எடுத்துக்க. எங்க வூட்ல மட்டமான சாமான் தங்காது. தப்பி நொழஞ்சாலும் வந்த வழியே போயிடும்."

படியிறங்கிப் போனார். நடையில் அவசரமே இல்லை.

ஜெயப்பிரகாஷ் கத்தியைத் திறந்துகூடப் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு கிழவரின் வறட்டுக் கௌரவத்திடமிருந்து பிழைப்பைக் காப்பாற்றிக்கொண்ட திருப்தியில் டீ சொல்லி அனுப்பினார்.

டீ வருவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார். பெரியண்ணன், கல்வராயன் மலையிலிருந்து சாமை விற்க வந்த விவசாயி. வழக்கம்போலக் கொம்புப் பிடிக் கத்தி வெளியே வந்தது. ஆயுசுக்கும் உழைக்கும், திறந்து பாருங்கள் என்று ஜெயப்பிரகாஷ் மேசைமேல் வைத்தார்.

பெரியண்ணன் பெரிய அலகைத் திறந்தார். அது ஆடியது. சின்ன அலகைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னாங்க இது, யாரு பேரோ வெட்டிக்கீது. பேர் வெட்டின சாமான நான் எப்பிடி வாங்கறது?"

ஜெயப்பிரகாஷ் வழக்கத்தையெல்லாம் மறந்து, அவர் கையிலிருந்தே கத்தியைப் பிடுங்கினார்.

அலகில், பாத்திரக் கடையில் வெட்டிய பொடி எழுத்தில் தெளிவாக இருந்தது: 'பூமாலை மகன் அஜித், மணலூர்பேட்டை.'