கல்லிலிருந்து இருபத்திரண்டு எட்டு

தர்மபுரம் வீதியோரம், வெள்ளைக்காரன் காலத்து மைல்கல்லுக்குப் பக்கத்தில் புதுப் பலகையை நட்டுவிட்டு, பாலை மரத்து நிழலில் வீதி வேலைக்காரர் நாங்கள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறோம். தார் வீதியில் வெயில் தண்ணீர்போல நெளிகிறது. நான் பலகையை எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன்: "நூற்று நாற்பது ஆண்டுகளாக இவ்விடத்தில் நிற்கும் கல்." "வாத்தியாரே, சோத்தத் தின்னு," என்று சுடலைமுத்து அண்ணன் சிரிக்கிறார். சிவரூபி அக்கா வந்து சைக்கிளைக் கல்லில் சாத்துகிறார். கூடையில் கற்பூரமும் பிஸ்கட் பைக்கற்றும். கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து செத்த மகளை இங்கே மண்ணில் தாட்டுவிட்டு, வேறு அடையாளம் இல்லாமல், கல்லிலிருந்து காட்டுப்பக்கமாக இருபத்திரண்டு எட்டு நடந்து, எண்ணி மனதில் வைத்துக்கொண்டு ஓடியவர். வருசாவருசம் எண்ணித்தான் வருகிறார். "ஒன்பது, பத்து..." எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார். இருபத்திரண்டில் குந்தி, புல்லை விலக்கிக் கற்பூரம் கொளுத்துகிறார். காற்றே இல்லை, சுடர் ஆடுகிறது. நான் எடுத்த கவளத்தைத் திரும்பப் பார்சலில் வைக்கிறேன். சனமெல்லாம் முகாமில் கிடந்த காலத்தில், வீதியை அகட்டுவதற்காக அந்தக் கல்லைக் கிளப்பிப் பன்னிரண்டு எட்டு காட்டுப்பக்கமாக உள்ளே நட்டவர்கள் நாங்கள். அப்படியென்றால் பிள்ளை கிடப்பது பத்தாவது எட்டில். நாங்கள் இருந்து சாப்பிடுகிற இடத்தில்.

"அண்ணே, அந்தக் கல்லு..."

"சும்மா இரு. இத்தனை வருசமா அழுத எடம்ப்பா. அதையும் பறிச்சிராத."

பைக்கற் பிரிபடும் சத்தம் கேட்கிறது. "பிள்ளை, பசிக்குதோ?" என்று அக்கா வெறும் மண்ணிடம் கேட்கிறார்.

நான் எழும்புகிறேன். சிந்திய சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்குகிறேன்.

"அக்கா," என்கிறேன், "இஞ்சால வாங்கோ."