சிரிப்பு ஷாட்

கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே சுகிர்தாவுக்குப் பயமாக இருந்தது. பிணமாக நடித்தவர்கள் ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். சினிமாவிலும் சீரியலிலும் அப்படியொரு சாங்கியம். அந்தச் சிரிப்புக்காக அவள் கேமராவை ஓடவிட்டிருந்தாள். பாடையில் கிடந்த எழுபது வயது நடிகை கோமளத்தம்மாள் சிரிக்கவில்லை.

முதல் ஐந்து டேக்கையும் வேண்டாம் என்றவள் சுகிர்தாதான். ‘பொம்பளை கேமராவா’ என்று இளக்காரமாகக் கேட்டவர்கள் நடுவே இருபது வருடம் நின்றவள்; சின்னக் குறையைக்கூட விடமாட்டாள். “மூச்சு தெரியுதும்மா, மாலை ஏறி எறங்குது. நல்லா அடக்குங்க” என்று கடைசியில் எரிந்து விழுந்தாள்.

“சரி கண்ணு, இந்தவாட்டி அசையமாட்டேன்” என்றாள் அந்த அம்மாள்.

ஆறாவது டேக்கில் மாலையில் ஓர் இதழ்கூட அசையவில்லை. “பிரமாதம்!” என்று டைரக்டர் கைதட்டினார்.

“அம்மா, சிரிங்க” என்றாள் சுகிர்தா. “முடிஞ்சிருச்சும்மா. சிரிங்க.”

பின்னால் யாரோ ஒரு லைட்டை அணைத்தார்கள்.

“அணைக்காதீங்க!” என்று கண்ணை எடுக்காமலே அலறினாள். “ஷாட் இன்னும் முடியல.”