வெள்ளிக்கிழமைச் செடி

காட்டுப்பூவை வளர்ப்பது சுலபம் என்றொரு நம்பிக்கை உலகெங்கும் பரவிக் கிடக்கிறது. வன்மையாகக் கண்டிக்க வேண்டிய பிழை அது. காட்டுப்பூ வளரும், வளர்க்கத்தான் முடியாது.

பூங்காவின் வேலியோரத்தில் அது யார் தயவுமில்லாமல் நீலநீலமாகப் பூத்துக் கிடந்தது. அங்கேதான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கையும் செடியுமாகப் பிடிபட்டார்.

"என்ன டீச்சர் இது? 'செடிகளைப் பறிக்காதீர்'னு போர்டு போட்டிருக்கே, தெரியலையா?" என்றார் காவலாளி.

"பறிக்கலைப்பா. வேரோட எடுத்தேன்."

"அது இன்னும் மோசம்! ஒரு பென்சிலை எடுத்துட்டான்னு என் பொண்ணை வெயில்ல நிக்க வெச்சீங்களே, ஞாபகமிருக்கா?"

தலைமையாசிரியை முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதுலேர்ந்து சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார்ப்பா. மனசு மாறட்டும்னு இதே மாதிரி ஒரு செடியைத் தொட்டியோட வாங்கிக் கொடுத்தேன். இப்பத்தான் மனுஷன் முகத்துல கொஞ்சம் சிரிப்பு."

"அப்புறம் இங்க என்ன வேலை?"

"பாசத்தைக் கொட்டியே கொன்னுடறார்! வேளாவேளைக்குத் தண்ணி, கை நிறைய உரம், வெயிலுக்குக் குடை. அதுக்கு இதெல்லாம் ஆகுமா? பொசுக்குன்னு போயிடுது. அவர் குளிக்கப் போற நேரம் பார்த்து நான் புதுசு நட்டுடறேன். செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா மறுபடி சுவத்தைப் பார்க்க உட்கார்ந்துடுவார்."

காவலாளி தலையைச் சொறிந்தார். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சரி, எடுத்துட்டுப் போங்க. வெள்ளிக்கிழமைன்னா நான் கண்டுக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துடாதீங்க."

"ஏன், அன்னிக்கு உங்க மேலதிகாரி வருவாரா?"

"இல்லை டீச்சர், ஒரு பெரியவர் வருவார்." காவலாளி வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொண்டாட்டி ஆசையா வாங்கிக் கொடுத்த செடி பட்டுப்போச்சாம். தெரிஞ்சா அந்தம்மா மனசு ஒடிஞ்சுடுமாம். அவங்க கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நட்டாகணும்னு, பாவம், மூச்சிரைக்க ஓடுவார்."

அடுத்த செவ்வாய்க்கிழமை, கால் கிலோ வெங்காயம் வாங்கப் போன தலைமையாசிரியை வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது.