கடைசிப் பிடிப் பாசி

புது இயந்திரத்துக்குக் கட்டியிருந்த ரிப்பனைக் கத்தரிக்கோல் வெட்ட மறுத்தது. ஆய்வுக்கூட இயக்குநர் அதைக் கையாலேயே பிய்த்துப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

தலைக்கு அன்று காலைதான் சாயம் பூசியிருந்தார். காதோரத் தோலிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“மூப்பையே ஓட ஓட விரட்டப் போறோம்! இந்தக் கடல் கீரை இருக்கே…”

“பாசி, சார்” என்றாள் பக்கத்தில் நின்ற ஆய்வுக்காரி.

“அதாம்மா, அதேதான்.”

விருந்தினர்கள் சிரித்தார்கள்.

பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்தைப் பிரிக்க எந்த முறை நல்லது? அதுதான் அவளுடைய ஆய்வு. வெந்நீரில் கொதிக்க வைத்தாயிற்று. எரிசாராயத்தில் ஊறப் போட்டாயிற்று. ஒலியலையால் உலுக்கிப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி; அதற்குத்தான் இந்தப் புது இயந்திரம்.

எல்லா முறைக்கும் ஒரே மூட்டைப் பாசிதான் வேண்டும். வேறு நாள், வேறு பாறை என்றால் ஒப்பீடு செல்லாது.

அந்த மூட்டையை முக்குளித்துப் பறித்தவன் அவளுடைய அண்ணன். கரை திரும்பிய படகில் மூட்டை இருந்தது. அவன் இல்லை. கடல் அவனைத் திருப்பித் தரவேயில்லை.

ஒவ்வொரு சோதனைக்கும் அண்ணனில் கொஞ்சம் அள்ளிக் கொடுப்பதுபோல்தான் கொடுத்தாள். மிஞ்சியது ஒரு பிடி.

“அதையாவது வீட்டுக்கு எடுத்துட்டு வாடி” என்று அம்மா கெஞ்சியிருந்தாள். மகனின் உடம்பைக்கூடப் பார்க்காதவள்.

இயக்குநர் இன்னும் மூப்பை விரட்டிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு இனி வயதாகாது. அதற்கு எந்தச் சாறும் தேவைப்படவில்லை.

“என்னம்மா, கீரையைப் போட்டாச்சா?”

“ஆச்சு, சார்.”

பழுப்புக் கண்ணாடிக் குடுவையை இயந்திரத்துக்குள் வைத்து முடுக்கினாள். பல் கூசும்படி அது கிறீச்சிட்டது. இயக்குநர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அதன் சிறப்புகளை விளக்கினார்.

பிறகு சோதனைக் குழாய். அதில் ஊதாக் கரைசல். குடுவைச் சாற்றில் சத்து இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். அப்படியே நின்றால் இயக்குநரின் மானம் கப்பலேறும். அவளுடைய வேலை அதற்கு முந்தியே ஏறிவிடும்.

சொட்டுச் சொட்டாக விட்டாள்.

ஊதா அசையவில்லை. இயக்குநரின் புன்னகையும் அசையவில்லை, ஆனால் வேர்த்தது.

அப்புறம் அடியில் எங்கோ வெளுத்தது. மஞ்சள் மெல்ல மேலேறியது, மூச்சு வாங்க மேலே வருகிறவனைப் போல.

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

“பாத்தீங்களா மெஷினோட மகிமையை!”

அவள் மட்டும் கை தட்டவில்லை. அந்தக் கடைசிப் பிடியைக் காலையிலேயே அம்மாவின் மடியில் வைத்துவிட்டு வந்திருந்தாள். குடுவையில் இருந்தது எந்தச் சத்தும் இல்லாத வெறும் எரிசாராயம்.

கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குழாயை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

“குளிருதாண்ணே?”