நான்காவது கட்டில்

பஸ்ஸின் கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை.

பஸ் நின்றது. அதற்குப் பக்கத்தில் அப்பா நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கண்டது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

அண்ணா கிரிசாந், தங்கச்சி அமலினி, நான் மூவரும் அப்பாவுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே மலையுச்சிக்கு வந்துவிட்டோம். சாந்தா றொசாலியா கோயிலுக்குக் கீழே, மெழுகுதிரிக் கடைகளுக்கு அருகே இருந்து, அண்ணாவின் ஃபோனில் சுற்றுலாக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கரீபியன் கடலுக்கு எங்கள் முதல் பயணம். யோசனை அப்பாவுடையது.

அம்மா இறந்து மூன்று வருடம். லிபெர்த்தாத் தெருவில் ஒரு மாடிக்கட்டடத்தின் வாசலில் காவலாளியாக முப்பத்தொரு வருடம் வேலை செய்த அப்பாவுக்கு அந்த வைகாசியில்தான் இத்தாலியப் பாஸ்போட் கிடைத்தது. அதை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

"ஒரு கிழமையிலை ஆறு நாடு. ஒருத்தனும் பெர்மெஸ்ஸோ கேக்கமாட்டான்," என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்.

பெர்மெஸ்ஸோ என்ற அந்த வதிவிட அனுமதியைப் பற்றிய பயம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் கால் வைத்ததும், கடையில் வாங்கி வைத்த ரிக்கெற்றை ஏறிய நேரம் பதிய மெசினில் அடிப்பார். மை பதிந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மங்கலாக இருந்தால் மறுபடியும் அடிப்பார். ஒரு தண்டம் விழுந்தால் அதைப் புதுப்பிக்கமாட்டார்கள் என்று முப்பது வருடம் பயந்தவர். நாங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்போம்.

கடைசியில் இரண்டு கப்பல்கள் மிஞ்சின. ஒன்றில் பிங்கோ, பழைய பாட்டு. மற்றதில் அருவியில் ஏறலாம், கம்பியில் தொங்கியபடி காட்டைக் கடக்கலாம். "சுறுசுறுப்பான பெரியவர்களின் குடும்பத்துக்கு" என்று போட்டிருந்தது.

எங்களுக்கு அருவிக் கப்பல்தான் வேண்டும். அப்பாவுக்கு அறுபத்து நான்கு வயது.

சோதனையை அண்ணா பகிடியாகத்தான் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை பழைய கல்பாதையால் மலையேற வேண்டும். நடந்து வந்து சேர்ந்தால் அப்பாவும் வரலாம். பஸ்ஸில் வந்தால் வீட்டில் நிற்க வேண்டும்.

"அப்பா ஏறாட்டி ஜெனிஸ்டன் அத்தானுக்கு லொத்தர் விழுந்த மாதிரி," என்றாள் அமலினி.

கப்பல் அறையில் நான்கு கட்டில்கள்தான் இருந்தன. ஜெனிஸ்டனுக்கும் எனக்கும் கலியாணப் பதிவு எழுத்து முடிந்திருந்தது. கோயிலில் கலியாணம் தை மாதம்.

அப்பாவும் சிரித்தார். இரண்டாவது வளைவில் பின்தங்கினார். நாங்கள் நிற்கவில்லை.

உச்சியில், அவரைக் காணவில்லையே என்று பார்க்கப் போனது நான்தான். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"அப்பா பஸ்ஸிலை வந்திட்டார்," என்றேன்.

அவர் வந்தார். முகம் சிவந்திருந்தது. இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"பாத்தியளே, வந்திட்டன்!"

"எத்தினை மணி பஸ், அப்பா?"

கேட்ட அமலினியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணா எழுந்து, அப்பாவின் சட்டைப்பைக்குள் இரண்டு விரல்களை விட்டு ஒரு பஸ் ரிக்கெற்றை எடுத்தார். பூசையில் சுவாமி அப்பத்தை உயர்த்துவதுபோல உயர்த்திக் காட்டினார். மெழுகுதிரிக் கடைக்காரியும் சிரித்தாள்.

அப்பா வாயைத் திறந்தார்.

அண்ணாவைப் பார்த்தார். அமலினியைப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார்.

"ஓம் பிள்ளை," என்றார். "கால் ஏலாமப் போச்சு."

அண்ணா ரிக்கெற்றைத் திரும்ப அவருடைய பைக்குள் வைத்து, மேலே தட்டிவிட்டார். பிறகு கதிரையில் இருந்து, ஃபோனில் கப்பலுக்குப் பெயர்களைப் பதியத் தொடங்கினார்.

"ஜெனிஸ்டன்ரை பாஸ்போட் நம்பர் வேணும். கேட்டுச் சொல்லு."

நான் கேட்கவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. இரண்டு எழுத்து, ஏழு இலக்கம், மனப்பாடமாகவே சொன்னேன். ஒன்றும் பிழைக்கவில்லை.

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனிஸ்டன் கார் கொண்டுவந்து எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினார்.

பின்னேரம், சீசாப் பகுதியில் எங்கள் வீட்டில், உடுப்புத் தோய்க்க எடுத்தபோது அப்பாவின் சட்டை முதுகில் உப்பு வெள்ளையாகக் கோடு கட்டியிருந்தது. பையில் ரிக்கெற் இருந்தது. மலையிறங்கும்போது தேவைப்படும் என்று வாங்கியிருப்பார்.

அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பியும் பார்த்தேன். இரண்டு பக்கமும் மை இல்லை.

குசினியில் அப்பா இரண்டு கால்களையும் சுடுதண்ணீரில் வைத்தபடி இருந்தார். குதிக்கால்கள் வெடித்திருந்தன. கப்பல் பதிவில் பெயரை மாற்ற மறுநாள் மதியம் வரை நேரம் இருந்தது.

"தண்ணி ஆறிப்போச்சோ, அப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

கார்த்திகையில் நாங்கள் நால்வரும் போய் வந்தோம். அருவியில் அமலினி பாதியிலேயே பயந்து இறங்கிவிட்டாள். அண்ணா இப்போது போலோஞ்ஞாவில் இருக்கிறார். தை மாதம் அப்பா என் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஜெனிஸ்டனிடம் ஒப்படைத்தார். அப்பா இன்னும் அதே வாசலில்தான் வேலை செய்கிறார். பாஸ்போட் உறைக்குள்ளேயே இருக்கிறது.

அந்த ரிக்கெற்றை, மலையேறியதற்கு மறுநாள் காலை, வேலைக்குப் போகும்போது நான் மெசினில் அடித்தேன். மை நன்றாகப் பதிந்தது.